தேனீக்கு எந்தக் கருவி வேண்டும்?

சிவாஜி நகரிலிருந்து பல்கலைக்கழகம் நோக்கிச் செல்லும் கணேஷ்கிண்ட் சாலையில் நாம் எத்தனையோ முறை போய் வந்திருப்போம். அந்தச் சாலையில்தான் மத்தியத் தேனீ ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிலையம் இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? காதி கிராமத் தொழில் ஆணையத்தின் கீழ் 1962-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிலையம் அது. தேனீ வளர்ப்பு என்ற தொழிலுக்கு இந்திய அளவில் ஒரு முக்கியமான இடம் நாம் குடியிருக்கும் ஊரிலேயே இருக்கிறது. எனவே இந்தத் தொழில் இன்று படும் பாட்டைப் பற்றிப் புனே வாழ் தமிழர்களாகிய நாம் நாலு வார்த்தை பேசிக்கொள்வது பொருத்தமே.

இப்போது தேனீ வளர்ப்பிலும் கம்ப்யூட்டர் புகுந்துவிட்டது. பெட்டிக்குள் வெப்பத்தை அளக்க ஒரு கருவி, எடையைக் காட்ட ஒரு தராசு, ரீங்காரத்தைக் கேட்க ஒரு மைக். இவையெல்லாம் சேர்ந்து விவசாயியின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். இஸ்ரேல் நாட்டில் ஒரு நிறுவனம் பல தேனீக் குடும்பங்களை ஒரே பெரிய கொள்கலனில் வைத்து, உள்ளே ஒரு ரோபோவை விட்டுப் பராமரிக்கச் செய்கிறது. ஹிஞ்சவடியில் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், "அவ்வளவுதானே மாமா, ஒரு சென்சார் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது" என்கிறார்கள். அவர்கள் ஆர்வத்தை நான் குறை கூறவில்லை. வாழ்நாள் முழுவதும் இயந்திரங்களோடு பழகியவன் நான். கருவிகளுக்கு எதிரியாக இருக்க முடியாது. ஆனால் கருவியை மாட்டுவதற்கு முன்னால், பழுது எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் முறை. பழுது சக்கரத்தில் இருக்கும்போது எஞ்சினுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து என்ன பயன்?

தேனீ வளர்ப்பில் இதுவரை வந்த தொழில்நுட்பங்களுள் மிகப் பெரியது எது தெரியுமா? மின்சாரமோ கம்ப்யூட்டரோ அல்ல. ஒரு சிறு இடைவெளி! அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் 1851-இல் ஒன்றைக் கவனித்தார். ஏறக்குறைய முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது ஒரு அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு இடைவெளி விட்டால், தேனீ அதை மெழுகாலும் அடைப்பதில்லை, பிசினாலும் ஒட்டுவதில்லை. நடமாடும் வழியாக விட்டுவைக்கிறது. இந்த அளவை வைத்துச் சட்டங்களைத் தொங்கவிட்டால், அடையை உடைக்காமல் வெளியே எடுத்துப் பார்க்கலாம், தேனை எடுத்துக்கொண்டு திரும்ப வைக்கலாம். அதற்கு முன்பெல்லாம் தேன் வேண்டுமென்றால் கூட்டை அழிக்க வேண்டியதுதான். எங்கள் தொழிலில் 'கிளியரன்ஸ்' என்போம். சரியான இடத்தில் சரியான இடைவெளி விடுவதில்தான் பாதிப் பொறியியல் இருக்கிறது.

அந்தப் பெட்டி ஐரோப்பியத் தேனீக்காகச் செய்யப்பட்டது. நம் நாட்டுத் தேனீ உடலால் சிறியது. அதன் குடும்பமும் சிறியது. அடைகளை இன்னும் நெருக்கமாகக் கட்டும். இதைப் புரிந்துகொண்டு திருச்சியில் நியூட்டன் என்ற இயேசு சபைப் பாதிரியார் 1910-ஐ அடுத்த ஆண்டுகளில் நம் தேனீக்குத் தகுந்த சிறிய பெட்டியை அமைத்தார். இன்றும் தென்னாட்டில் அது 'நியூட்டன் பெட்டி' என்றே வழங்குகிறது. 1920-களில் குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமச் சீரமைப்பு நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், தேனீ வளர்ப்பை அங்குள்ள ஏழைக் குடும்பங்களுக்குக் கைத்தொழிலாகக் கற்றுக்கொடுத்தார். மார்த்தாண்டம் தேன் என்று இன்று நாம் பெருமையோடு சொல்வதற்கு வித்து அங்கேதான். இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. கருவியை வெளிநாட்டிலிருந்து அப்படியே இறக்கக் கூடாது. நம் தேனீயின் அளவுக்கு வெட்டித் தைக்க வேண்டும்.

நம் தேனீ என்று சொன்னேனே, அதில் எத்தனை வகை என்று சொல்லிவிடுகிறேன். பாறையிலும் உயர்ந்த மரத்திலும் ஒற்றைப் பெரிய அடையைத் தொங்கவிடும் மலைத்தேனீ. இதை மராட்டியர் 'ஆக்யா மோஹோள்' என்பர். புதர்க் கிளையில் உள்ளங்கை அகல அடை கட்டும் கொம்புத்தேனீ. கொட்டத் தெரியாத கொசுத்தேனீ. மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் பல அடைகளை அடுக்காகக் கட்டும் அடுக்குத்தேனீ, மராட்டியில் 'சாதேரி'. இவற்றுள் தேனுக்காகப் பெட்டியில் காலம் காலமாக வளர்த்து வருவது அடுக்குத்தேனீயை. ஐந்தாவதாக, 1960-களில் பஞ்சாப் பக்கத்தில் கொண்டுவந்து நிலைபெறச் செய்த இத்தாலியத் தேனீ. தேன் அதிகம் தருவது இதுதான். ஆனால் செலவும் அதிகம். பூ இருக்கும் இடம் தேடிப் பெட்டிகளை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டும்.

இனி, பழுது எங்கே என்று பார்ப்போம். எனக்குத் தெரிந்தவரை நான்கு இடங்களில் இருக்கிறது: நோய், நஞ்சு, பூப்பஞ்சம், விலை.

முதலில் நோய். 1991-92-இல் தென்னாட்டில் 'தாய் சாக் புரூட்' என்ற வைரஸ் நோய் பரவியது. 1976-இல் தாய்லாந்தில் முதலில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். புழு கூட்டுப்புழுவாக மாறுவதற்கு முன்பே நீர் கோத்த பை போல ஆகிச் செத்துவிடும். கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு மூன்றிலும் அடுக்குத்தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதி அழிந்தது. மார்த்தாண்டத்துப் பக்கம் நூற்றுக்கணக்கில் பெட்டி வைத்திருந்தவர்களெல்லாம் வெறும் பெட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு வேறு பிழைப்புத் தேடினார்கள். தப்பிப் பிழைத்த குடும்பங்களிலிருந்து இனம் பெருக்கித்தான் தொழில் மெல்லத் தலையெடுத்தது. இத்தாலியத் தேனீக்கு இந்த நோயால் பெரிய ஆபத்தில்லை. அதற்கு எமன் 'வரோவா' என்ற உண்ணி. வேடிக்கை என்னவென்றால், அந்த உண்ணி ஆதியில் நம் அடுக்குத்தேனீயின் மேல் ஒட்டி வாழ்ந்ததுதான். நம் தேனீ அதைத் தட்டி உதறி ஒரு கட்டுக்குள் வைத்திருக்கக் கற்றுக்கொண்டது. இத்தாலியத் தேனீக்கு அந்தப் பழக்கம் போதவில்லை.

பெட்டிக்குள் வைக்கும் சென்சார் இங்கே உதவுமா? ஓரளவுக்கு உதவும். புழு வளரும் இடத்தைத் தேனீக்கள் 34, 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே காத்து வரும். குடும்பம் நலிந்தால் அந்த அளவு தடுமாறும். ராணி இல்லாவிட்டால் ரீங்காரமே மாறிவிடும். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. லண்டன் பி.பி.சி.யில் ஒலிப் பொறியாளராக இருந்த எட்டி வுட்ஸ் என்பவர் 1950-களிலேயே, தேனீயின் ஒலியைக் கேட்டு, குடும்பம் பிரிந்து பறக்கப் போகிறதா என்று முன்கூட்டிச் சொல்லும் கருவி ஒன்றைச் செய்தார்.

ரயில்வேயிலும் இதே கதைதான். வண்டி நிலையத்துக்குள் நுழையும்போது கேரேஜ் ஊழியர்கள் இருபுறமும் நின்று சக்கரங்களின் சத்தத்தைக் கேட்பார்கள். நின்ற பிறகு அச்சுப் பெட்டியைத் தொட்டுச் சூடு பார்ப்பார்கள். சுத்தியலால் தட்டி ஓசை பார்ப்பார்கள். பிறகு சூட்டை அளக்கும் கருவிகள் வந்தன. அவற்றை ஒவ்வொரு சக்கரத்திலும் மாட்டவில்லை. தண்டவாளத்தின் ஓரத்தில் ஓரிடத்தில் வைத்தார்கள். போகிற வண்டிகளெல்லாம் அதைக் கடந்துதான் போக வேண்டும். ஒரு கருவி, ஆயிரம் சக்கரம்! தேனீ வளர்ப்பிலும் அந்த வழியே நமக்கு ஏற்றது. ஐம்பது பெட்டி வைத்திருக்கும் சிறு விவசாயி ஐம்பதிலும் சென்சார் வைத்தால் தேன் விற்ற பணம் அதற்கே போய்விடும். ஊருக்கு ஒரு காவல் பெட்டி, அதற்கு ஒரு தராசு, ஒரு வெப்பமானி போதும். பூ வந்துவிட்டதா, நின்றுவிட்டதா என்பதை அந்த ஒரு பெட்டியின் எடையே ஊருக்கெல்லாம் சொல்லிவிடும்.

ஆனால் சென்சார் 'ஏதோ கோளாறு' என்று மட்டும்தான் சொல்லும். என்ன நோய் என்று சொல்லாது. அதற்குச் சோதனைக்கூடம் வேண்டும், அறிந்த ஆள் வேண்டும். அமெரிக்காவில் தேனீப் புழுவைத் தாக்கும் ஒரு பாக்டீரியா நோய்க்குத் தடுப்பு மருந்து வந்துவிட்டது. 2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதற்கு நிபந்தனையுடன் அனுமதி கிடைத்த செய்தி வெளியானது. அது அவர்கள் தேனீக்கு, அவர்கள் நோய்க்கு. அடுக்குத்தேனீயின் வைரஸுக்கு மருந்து கண்டுபிடிக்க அமெரிக்காக்காரர் வரமாட்டார். அந்த வேலை கணேஷ்கிண்ட் சாலையில் இருப்பது போன்ற நம் நிலையங்களில்தான் நடக்க வேண்டும். ஆராய்ச்சிப் பணம் முதலில் போக வேண்டிய இடம் அது என்பது என் தாழ்மையான கருத்து.

இரண்டாவது, நஞ்சு. நம் புனே மாவட்டத்தில் மாதுளை, விதை வெங்காயம், பூசணி, வெள்ளரி எல்லாம் விளைகின்றன. இவற்றுக்கு மகரந்தச் சேர்க்கை செய்வது தேனீதான். அந்தப் பயிருக்கு மருந்தடிக்கும்போது பூவில் இருக்கும் தேனீ சாகிறது. பல சமயம் திசை தடுமாறிக் கூட்டுக்குத் திரும்பாமலே போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட மூன்று பூச்சிக்கொல்லிகளைத் திறந்த வயல்களில் பயன்படுத்தத் தடை விதித்தது. நம் நாட்டில் அந்த அளவுக்குப் போகும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. தேனீ பகலில்தான் மேய்கிறது. சூரியன் சாய்ந்த பிறகு மருந்தடித்தால் பாதிச் சேதம் குறையும். "நாளை மாலை எங்கள் வயலில் மருந்து" என்று முதல் நாளே கைப்பேசியில் ஒரு வரி அனுப்பினால், பெட்டி வைத்திருப்பவர் வாயிலை மூடிவைக்கலாம், அல்லது பெட்டியை நகர்த்தலாம். இரண்டு மூன்று கிலோமீட்டர் சுற்றளவில் இருப்பவர்களுக்குச் செய்தி போனால் போதும். இந்தத் தொழில்நுட்பத்துக்குத் தனியாக ஒரு பைசா செலவில்லை. ஏற்கனவே எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. இல்லாதது, விவசாயிக்கும் தேனீ வளர்ப்பவருக்கும் இடையே பேச்சுவார்த்தை ஒன்றுதான்.

மூன்றாவது, பூப்பஞ்சம். மகாபலேஷ்வர் மலைக்குச் சுற்றுலா போகும் நாம் ஸ்டிராபெரியும் தேன் பாட்டிலும் வாங்கி வருகிறோம். அந்த மலையில் நாவல், கடுக்காய் முதலிய மரங்களும், ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் 'கார்வி'ச் செடியும் தேனீக்கு உணவு. கார்வி வேறு யாருமல்ல, நம் நீலகிரிக் குறிஞ்சியின் உடன்பிறந்த இனம்! அந்த மலையில் உள்ள மாங்கர் என்ற சிற்றூரை 2022-இல் மராட்டிய அரசு 'தேன் கிராமம்' என்று அறிவித்தது. ஊர் மக்கள் பலருக்குத் தேனீ வளர்ப்பே தொழில். ஆனால் மழைக்காலத்தில் அங்கே பூ கிடையாது. தேனீ வெளியே பறக்கவும் முடியாது. சர்க்கரைப் பாகு கொடுத்துக் காப்பாற்ற வேண்டும். காடு குறையக் குறைய இந்தப் பஞ்ச காலம் நீளும். எந்த மாதத்தில், எந்த வட்டாரத்தில், எந்தப் பூ என்று ஒரு நாட்காட்டி போட்டு, ஆண்டுதோறும் திருத்தி, கைப்பேசியில் கொடுத்தால் மிகவும் பயனாகும். ரயில்வேக்குக் கால அட்டவணை எப்படியோ, தேனீ வளர்ப்பவருக்குப் பூ அட்டவணை அப்படி.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. காதி ஆணையம் 2017 முதல் 'தேன் இயக்கம்' நடத்திப் பெட்டிகள் வழங்கியது. 2020-இல் தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2021-இல் 'மதுகிராந்தி' என்ற பெயரில் கம்ப்யூட்டர் பதிவும் வந்தது. எல்லாம் நல்லதே. நான் கேட்பது ஒன்றுதான்: எத்தனை பெட்டி கொடுத்தோம் என்று எண்ணுவதை விட்டு, கொடுத்து இரண்டு ஆண்டு கழித்து எத்தனை பெட்டியில் தேனீ இருக்கிறது என்று எண்ண வேண்டும். தண்டவாளம் போட்ட கணக்கு வேறு, அதில் வண்டி ஓடும் கணக்கு வேறு. பதிவேடு கம்ப்யூட்டரில் இருப்பதால் இந்த இரண்டாவது கணக்கை எடுப்பது இன்று கடினமான காரியமல்ல.

நான்காவது, விலை. தேனீ வளர்ப்பவனை உண்மையில் சாய்ப்பது இதுதான். 2020 டிசம்பரில் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 வணிகப் பெயர்களில் விற்கப்படும் தேனை ஜெர்மனியில் சோதிக்க ஏற்பாடு செய்தது. எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்றே! கரும்பு, மக்காச்சோளச் சர்க்கரையைக் கண்டுபிடிக்கும் சோதனை பழையது. அதற்குத் தப்புவதற்காகவே அரிசி முதலியவற்றிலிருந்து பாகு காய்ச்சும் வித்தை வந்துவிட்டது. அணுக்காந்த ஒத்ததிர்வு என்ற உயர்ந்த சோதனையில்தான் அது பிடிபடுகிறது. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் நம் தேனுக்கு 2020 ஆகஸ்டிலிருந்து இந்தச் சோதனை கட்டாயமாக்கப்பட்டது. கடல் கடந்து போகும் தேனுக்குக் காட்டும் கவனத்தை நம் வீட்டுக் குழந்தை நக்கும் தேனுக்கும் காட்ட வேண்டாமா? பாகு கலந்தவன் மலிவாக விற்கிறான். மாங்கரிலும் மார்த்தாண்டத்திலும் உண்மையாக உழைப்பவன் அந்த விலைக்கு இறங்க முடியாமல் பெட்டியை மூடுகிறான். எத்தனை சென்சார் வைத்தாலும் இந்தப் பழுது தீராது.

ஆகவே தொழில்நுட்பம் முதலில் புக வேண்டிய இடம் தேனீயின் பெட்டியல்ல, தேன் பாட்டில்தான். ஆனந்த் நகரில் தேசியப் பால்வள வாரியத்தில் 2020 ஜூலையில் உயர்தரத் தேன் சோதனைக்கூடம் திறந்தார்கள். அதைப் போல் மாநிலத்துக்கு ஒன்று வேண்டும். சிறு உற்பத்தியாளர் கூட்டாகச் சேர்ந்து குறைந்த கட்டணத்தில் சோதித்துக்கொள்ள வழி வேண்டும். எந்த ஊர்த் தேன், எந்த மாதம் எடுத்தது, எந்தக் கூடத்தில் சோதித்தது என்பதைப் பாட்டிலில் உள்ள கட்டக் குறியில் கைப்பேசியைக் காட்டித் தெரிந்துகொள்ள முடிய வேண்டும்.

இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியை நனைத்துக் கொளுத்துவது, எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது - இவை எதுவும் நம்பத்தக்க சோதனை அல்ல. அதேபோல் தேன் உறைந்து கற்கண்டு போல் ஆனால் சர்க்கரை கலந்தது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நல்ல தேனும் உறையும். கடுகுப் பூத் தேன் வெகு சீக்கிரம் உறையும். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினால் இளகிவிடும்.

நம் நகர வாழ்க்கையிலும் ஒரு பங்கு இருக்கிறது. புனேயில் மாடிக் கட்டடங்கள் உயர உயர, மலைத்தேனீ அவற்றைப் பாறை என்று எண்ணிப் பால்கனிக்கு அடியில் அடை கட்டுகிறது. எங்கள் குடியிருப்பில் எட்டாவது மாடியில் இப்படி ஒன்று வந்தது. பூச்சி மருந்துக்காரரை அழைத்து இரவோடு இரவாக அடித்துவிட்டார்கள். காலையில் பெருக்குபவர் இரண்டு கூடை தேனீக்களை வாரினார். மிச்சமிருந்தவை கீழே காவல்காரரைக் கொட்டின. அடுத்த ஆண்டு அதே இடத்தில் வேறொரு கூட்டம் வந்து அடை கட்டியது! மலைத்தேனீ பருவத்துக்குப் பருவம் இடம் மாறுவது. தொந்தரவு செய்யாவிட்டால் சில மாதங்களில் தானே போய்விடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அப்படி விட முடியாதென்றால், கொல்லாமல் அகற்றத் தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களை அழைக்கலாம்.

தேனீக்கு நாம் உதவுவதைப் பற்றியே பேசுகிறோம். தேனீ நமக்கு உதவுவதையும் சொல்ல வேண்டும். அசாம் பக்கத்தில் ரயில் பாதையைக் கடக்கும் யானைகள் அடிபட்டுச் சாவதைத் தடுக்க, வடகிழக்கு எல்லை ரயில்வே 2017-இல் ஓர் உபாயம் செய்தது. லெவல் கிராசிங் அருகே ஒலிபெருக்கி வைத்துத் தேனீக்களின் ரீங்காரத்தை ஒலிக்கச் செய்தது. யானைக்குத் தேனீ என்றால் பயம், விலகிப் போய்விடும். 2021-இல் காதி ஆணையம் குடகு மாவட்டத்தில் இதே எண்ணத்தில் தேனீப் பெட்டிகளையே வேலி போல வரிசையாக வைத்தது. ஒலிபெருக்கி யானையை மட்டும் விரட்டும். பெட்டி யானையையும் விரட்டும், தேனும் தரும், பக்கத்து வயலில் காயும் பிடிக்கச் செய்யும். கருவிக்கும் உயிருக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

நம் சங்கத்துக்கு என் விண்ணப்பம் மூன்று. ஒன்று, நம் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாங்கருக்கு அழைத்துச் செல்வோம். கம்ப்யூட்டர் படித்தவர்கள் தேனீ வளர்ப்பவரிடம் "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று முதலில் கேட்கட்டும், கருவியைப் பிறகு செய்யட்டும். இரண்டு, பொங்கல் விழாவில் மகாபலேஷ்வர் விவசாயிகளும் மார்த்தாண்டம் கூட்டுறவினரும் சோதனைச் சான்றோடு நேரடியாகத் தேன் விற்க ஒரு கடை ஒதுக்குவோம். நூறு ரூபாய் கூடுதலானாலும் வாங்குவோம். மூன்று, அவரவர் குடியிருப்புக் கூட்டத்தில், தேனீ அடை வந்தால் மருந்தடிப்பதில்லை என்று ஒரு தீர்மானம் போட வைப்போம். இவற்றில் எதற்கும் வெளிநாட்டுக் கருவி தேவையில்லை. அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துப் பேசுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.